சின்னச் சிவப்புக் கல்லும் அதன் சரியான பெயரும்

ஹட்டன் நகரில் சிறியதொரு நகைக்கடை நடத்தும் சகோதரர் ஒருவர் கேட்டிருக்கிறார். தீபாவளி முற்பணம் தோட்டங்களில் கிடைக்கும் காலத்தை நம்பி ஐம்பது செட் நகை செய்ய எண்ணுகிறாராம். ஒவ்வொரு செட்டிலும் இரண்டு கல் பதித்த ஒரு பெண்டன், ஒவ்வொரு கல் பதித்த ஒரு சோடி தோடு. ஆக, செட்டுக்கு நான்கு கல் வீதம் 200 கல் தேவை. எல்லாம் 3 மில்லிமீற்றர் வட்டம், எல்லாம் ஒரே சிவப்பு. "ரூபி வைத்தால் விலை கட்டாது. கண்ணாடி வைக்க மனம் வரவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றில் கல் எடுக்கிறார்களே, அவர்களிடம் நேரடியாக வாங்கினால் மலிவாக முடியுமா?" என்பது அவருடைய கேள்வி.

இதே கேள்வியைத் தலவாக்கலையில் இருந்தும் நுவரெலியாவில் இருந்தும் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். தங்கம் இன்று விற்கும் விலைக்கு எடை குறைந்த நகைதான் ஓடும். எடை குறைந்த நகைக்குக் கல்தான் முகம் கொடுக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பெயர். நம் நாட்டில், குறிப்பாக மலையகத்தில், மாணிக்கக்கல் என்றால் பூமியில் இருந்து எடுக்கும் எந்த இரத்தினக்கல்லும்தான். நீலமும் மாணிக்கக்கல், புஷ்பராகமும் மாணிக்கக்கல். "மாணிக்கக்கல் அகழ்வில் ஈடுபட்டோர் கைது" என்று பத்திரிகையில் வரும் செய்திக்கு ரூபி எடுத்தார்கள் என்று பொருளல்ல. தமிழ்நாட்டிலோ மாணிக்கம் என்றால் ரூபி மட்டும்தான். அதற்குக் கெம்பு என்றும் பெயர். ஆனால் அங்கே கெம்பு நகை என்று இன்று கடைகளில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை செயற்கைக் கல்லோ கண்ணாடியோ பதித்தவை. ஆற்றோரத்தில் ஒருவர் உள்ளங்கையில் சிவப்பாக எதையோ காட்டி "மாணிக்கக்கல்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அதை ரூபி என்று கேட்டுக்கொள்வது வாங்குபவரின் காது. பாதி நஷ்டம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரூபி அல்ல என்பது நம் முன்னோருக்குப் புதிய சங்கதி அல்ல. 973ஆம் ஆண்டு பிறந்த அறிஞர் அல்பிரூனி, கற்களின் அடர்த்தியை நீரில் அளந்து பார்த்து, யாகூத் வேறு, பதக்ஷான் நாட்டில் இருந்து வரும் 'லஃல்' வேறு என்று எழுதி வைத்தார். யாகூத் என்பதுதான் ரூபி. லஃல் என்பதை இன்று ஸ்பினல் என்கிறோம். ஐரோப்பியர் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. பிரித்தானிய மன்னரின் முடியில் முன்னால் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசனின் ரூபி' ஒரு ஸ்பினல்தான். அரண்மனைக்கே அந்தக் கதி என்றால் நம் கடைக்கு எச்சரிக்கை தேவை.

மலையகத்தில் கல் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இப்னு பதூதா 1344இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலையில் ஏறியவர். இந்நாட்டின் யாகூத் கற்களைப் பற்றியும், இங்குள்ள பெண்கள் அவற்றை அணிந்திருந்ததைப் பற்றியும் வியந்து எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட நூலில், அந்தச் சமவெளிகளில் கல் தோண்டிய பழைய குழிகளைப் பற்றிச் சொல்கிறார். தேயிலை வருவதற்கு முன்பே அங்கு கல் தேடியிருக்கிறார்கள் என்று இதில் தெரிகிறது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் அனுமதியோடும் அனுமதியின்றியும் அகழ்வு நடக்கிறது. மலைப்பாறை சிதைந்து, அதில் இருந்த கடினமான மணிகள் நீரில் உருண்டு, பள்ளத்தாக்கின் தரைக்கடியில் சரளைப் படையாகத் தங்கும். அதைத்தான் 'இல்லம்' என்கிறார்கள். அந்த இல்லத்தை அலசும்போது நீலம், ஸ்பினல், கார்னட் என்று பலவும் கலந்தே வருகின்றன.

ஆனால் சகோதரர் கேட்ட விதத்தில், அதாவது ஆற்றோரம் போய்க் கையில் வாங்குவதில், நான் உடன்படவில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இன்றி அகழவும் முடியாது, கல் வியாபாரம் செய்யவும் முடியாது. நகைக்கடை வைத்திருக்கிறேன், வியாபாரப் பதிவு இருக்கிறது என்பது இரத்தினக்கல் வியாபார அனுமதிப்பத்திரத்துக்குப் பதிலாகாது. தோட்டக் காணிகளின் விடயம் இன்னும் சிக்கலானது. பெரும்பாலானவை அரச காணிகள். 1992க்குப் பிறகு குத்தகைக்கு எடுத்த பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பவை. அங்கே இரவில் தோண்டி எடுத்த கல்லுக்கு உரியவர் யார் என்று கேட்டால், விற்க வந்த இளைஞர் அல்ல என்பதே பதில். உரிமை இல்லாதவரிடம் வாங்கிய பொருள் நமக்கு எப்படி ஹலாலாகும் என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நான் வியாபாரக் கண்ணோட்டத்தில் மட்டும் சொல்கிறேன்: பற்றுச்சீட்டு இல்லாத கல், கணக்கில் காட்ட முடியாத கல்.

அந்த அகழ்வால் வரும் கேடும் சிறியதல்ல. கெசல்கமு ஓயாவின் கரைகளைத் தோண்டிக் கொட்டும் மண், கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. அந்த நீரில்தான் விமலசுரேந்திர மின்நிலையம் இயங்குகிறது. அகப்படுவோர் யார் என்று பார்த்தால், பணம் போட்டவர் தப்பிவிடுவார், குழிக்குள் இறங்கிய தோட்டத்து இளைஞர் விளக்கமறியலில் இருப்பார். மண் சரிந்து குழிக்குள்ளேயே போனவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தை விலை தெரியுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். லயத்து வாசலில் போய் நின்று, விலை தெரியாத ஒருவரிடம் இருந்து நல்லதொரு கல்லைச் சில ஆயிரம் ரூபாவுக்கு எடுத்துவந்து, அதைச் சாமர்த்தியம் என்று பேசிக்கொள்பவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். இது அதற்கு எவ்வளவு தூரம் என்று அவரவர் யோசிக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் கணக்கை எடுத்தாலும் அந்த வழி மலிவாக முடியாது. கணக்கைப் பாருங்கள். 3 மில்லிமீற்றர் வட்டக் கல் ஒன்று ரூபியானாலும் கார்னட்டானாலும் சுமார் 0.12 முதல் 0.15 கரட் வரை நிற்கும். 0.13 என்று வைத்தால் 200 கல்லுக்கு 26 கரட். ஒரு கரட் 0.2 கிராம் என்பதால் அது 5.2 கிராம்தான், ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். பட்டை தீட்டும்போது பச்சைக் கல்லின் எடையில் நான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலே நல்ல வேலை. ஆகவே நூறு கரட்டுக்கு மேல் பச்சைக் கல் வேண்டும், அதுவும் வெடிப்பில்லாமல், ஒரே நிறத்தில். இவ்வளவையும் சேர்த்தாலும், 200 கல்லைத் தனித்தனியாகத் தீட்ட வேண்டும். ஐந்து கரட் கல்லைத் தீட்டுபவருக்கும் 3 மில்லிமீற்றர் கல்லைத் தீட்டுபவருக்கும் உழைப்பில் பெரிய வித்தியாசமில்லை. சொல்லப்போனால் சின்னக் கல்லுக்குக் கண்ணும் கையும் அதிகம் வேண்டும். சின்னக் கல்லின் விலையில் பெரும்பகுதி கல்லுக்கல்ல, கூலிக்குத்தான் போகிறது. இதனால்தான் ஜெய்ப்பூரிலும் தாய்லாந்திலும் ஆயிரக்கணக்கில் அளவெடுத்துத் தீட்டப்பட்டு வரும் கல், பொகவந்தலாவையில் எடுத்து இங்கே தீட்டிய கல்லைவிட மலிவாக இருக்கிறது. ஊர்க் கல் என்பதற்காக மலிவாக இருக்கும் என்று எண்ணுவது பெரிய கல்லுக்குச் சில வேளை சரியாக வரலாம், சின்னக் கல்லுக்குச் சரிவராது.

இனி எந்தக் கல் என்ற விடயத்துக்கு வருவோம். இதில்தான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கல் சிறுக்கும்போது நிறம் வெளுக்கும். நம் நாட்டு ரூபி பொதுவாக இளஞ்சிவப்பு. இரண்டு கரட்டில் பார்க்க அழகாயிருக்கும் அதே நிறம், 3 மில்லிமீற்றரில் ரோஜா நிறமாகி விடும். சந்தையில் அதை 'பிங்க் சஃபயர்' என்றுதான் விலை பேசுவார்கள். கார்னட்டோ நேர்மாறு. பெரிய கார்னட் கறுத்து, கருப்பட்டித் துண்டு போலத் தெரியும். அதனால்தான் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அதே கல்லை 2 அல்லது 3 மில்லிமீற்றராகத் தீட்டினால் உள்ளே ஒளி புகுந்து, மாதுளை முத்துப் போலச் சிவக்கும். பெரிய அளவில் குறையாக இருப்பது சின்ன அளவில் நிறைவாகி விடுகிறது. சகோதரர் கேட்ட வேலைக்கு என் பதில் கார்னட்தான். அதிலும் சற்று ஊதா கலந்த சிவப்பாக வரும் ரோடலைட் வகை, தங்கத்தில் வைத்தால் நன்றாக எடுக்கும்.

ஸ்பினல் இதைவிடக் கடினமானது, ஒளியும் கூர்மை. பதினைந்து இருபது வருடங்களுக்கு முன்னர் ரூபிக்கு மலிவான மாற்று என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். 2007இல் தன்சானியாவின் மஹெங்கேயில் பெரிய கற்கள் கிடைத்த பின் உலகமே ஸ்பினலைத் தேடத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் கிடைக்கும் ஸ்பினலும் பெரும்பாலும் ஊதா, சாம்பல், இளஞ்சிவப்பு என்றே வரும். சுத்தச் சிவப்பு அரிது. இருபது முப்பது கல் என்றால் தேடிச் சேர்க்கலாம். ஒரே நிறத்தில் 200 என்றால் கஷ்டம்.

உண்மையான ரூபிதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால், இன்று சின்ன ரூபி அதிகம் வருவது மொசாம்பிக்கில் இருந்து. அங்கே மொன்டெபுவெஸ் என்ற இடத்தில் 2009இல் கண்டுபிடித்தார்கள். மடகஸ்காரின் இலகாகாவில் 1998இல் கல் கிடைத்தபோது நம்மவர்கள் போய்க் குடியிருந்தே வாங்கியதைப் போல, ஆபிரிக்கக் கல்லும் பேருவளை சீனங்கோட்டைக்கு வந்து சேர்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அங்கே வாங்கிய மொசாம்பிக் கல்லை ஹட்டன் கடையில் "நம்ம பொகவந்தலாவைக் கல்" என்று சொல்லி விற்கக் கூடாது.

ரூபி விடயத்தில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. ஒன்று செயற்கை ரூபி. பிரெஞ்சுக்காரர் வெர்னோய் தன்னுடைய முறையை 1902இல் வெளியிட்டதில் இருந்து, அலுமினாத் தூளைச் சுவாலையில் உருக்கி ரூபி செய்கிறார்கள். பொருளால் அது ரூபியேதான், கடினமும் அதேதான், பூமியில் விளையவில்லை என்பதுதான் வித்தியாசம். விலை மிக மிகக் குறைவு, நிறம் ஒன்றுபோல இருக்கும், பதிக்கும்போது சுடரையும் தாங்கும். செயற்கை என்று சொல்லி விற்பதானால் நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையில் அடிக்கடி கழற்றாமல் போடும் மோதிரத்துக்குக் கார்னட்டைவிட இது பொருத்தம்.

மற்றது கண்ணாடி நிரப்பிய ரூபி. 2004 அளவில் சந்தைக்கு வந்தது. வெடிப்பு நிறைந்த, எதற்கும் உதவாத ரூபியை எடுத்து, அதன் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றிப் பளபளப்பாக்கி விடுகிறார்கள். "இயற்கை ரூபி" என்று சொல்லி நம்ப முடியாத மலிவில் தருவார்கள். பத்தாசாரி சுடர் காட்டினாலோ, அமிலத்தில் போட்டாலோ கண்ணாடி உருகி அல்லது அரித்து வெடிப்பு வெளியே வந்துவிடும். தேசிக்காய்ச் சாறுகூட நாளடைவில் அதைக் கெடுக்கும். சமையலறையில் புழங்கும் பெண்ணின் விரலுக்கு இதை விற்றுவிட்டு எந்த முகத்தோடு அடுத்த பெருநாளைக்கு அவரை வரவேற்பது? பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகளும், சாய்க்கும்போது நீல நிறமான ஒரு மினுக்கமும் தெரியும். இந்தக் கல்லை நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கடையில் வைத்தே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவாகும் கருவி தேவையில்லை. பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் உள்ளே பலமான காந்தம் ஒன்று இருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரில் சின்ன ரிஜிபோம் துண்டை மிதக்கவிட்டு, அதன் மேல் கல்லை வையுங்கள். காந்தத்தைத் தொடாமல் அருகில் கொண்டு போங்கள். சிவப்புக் கார்னட்டில் இரும்பு இருப்பதால் ரிஜிபோம் துண்டோடு சேர்ந்து அது காந்தத்தை நோக்கி நகர்ந்து வரும். ரூபியும் சாதாரணக் கண்ணாடியும் அப்படி இழுபடாது. என்னிடம் வந்த ஒரு பொட்டலத்தில் ரூபி என்று எழுதியிருந்த கற்களில் சில தாமாகவே நீந்தி வந்தன, விற்க வந்தவரும் நானும் சேர்ந்து சிரித்தோம். சில செயற்கைக் கற்களும் இழுபடக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது நோட்டுச் சோதிக்கும் ஊதா டோர்ச். இருட்டில் அடித்துப் பார்த்தால் நம் நாட்டு ரூபியும் சிவப்பு ஸ்பினலும் கரி நெருப்புப் போலச் சிவந்து ஒளிரும். கார்னட் ஒளிராது. தாய்லாந்து ரூபி போல இரும்பு அதிகம் உள்ளது மங்கலாகவே ஒளிரும். இங்கே ஒரு விபரீதம் இருக்கிறது: செயற்கை ரூபி இவற்றைவிடப் பிரகாசமாக ஒளிரும். "பாருங்கள், எப்படி எரிகிறது, அசல்!" என்று டோர்ச் அடித்துக் காட்டி விற்பவர் ஒன்று தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர். செயற்கையைப் பிரித்தறியப் பெருக்குக் கண்ணாடியைத்தான் எடுக்க வேண்டும். சுவாலையில் செய்த கல்லுக்குள் கோடுகள் வளைந்து, இசைத்தட்டின் கோடுகள் போல ஓடும். இயற்கைக் கல்லில் கோடு இருந்தால் நேராகத்தான் ஓடும். கல் சின்னதாக இருப்பதால் இது எல்லோர் கண்ணுக்கும் அகப்படாது. ஆகவே பொட்டலத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கல்லை எடுத்து, அதிகார சபையின் கொழும்புச் சோதனைக் கூடத்திலோ நம்பிக்கையான வேறு கூடத்திலோ காட்டிவிடுவது நல்லது. பத்தையும் விற்பவர் பொறுக்கித் தரக் கூடாது, நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

வாங்கும் இடம் சீனங்கோட்டையாகவோ இரத்தினபுரியாகவோ இருக்கட்டும். இரத்தினபுரியில் காலையிலேயே போய்விட வேண்டும். சீனங்கோட்டையில் சந்தை கூடும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். நளீம் ஹாஜியார் போன்றவர்கள் அந்த ஊரில் கல் வியாபாரத்தில் சம்பாதித்து, 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை உருவாக்கினார்கள். அத்தகைய ஊரில் தெருவில் பொட்டலத்தோடு நிற்பவரையும் அலுவலகம் வைத்திருப்பவரையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். சின்னக் கல்லுக்கு அலுவலகம் வைத்திருப்பவரிடமே போங்கள். நாளைக்கு இருபது கல் குறைந்தால் அதே நிறத்தில் மீண்டும் கேட்க ஆள் வேண்டுமே.

பார்க்கும்போது வெள்ளைத் தாளில் கொட்டி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைகளின் மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் நன்றாகத்தான் இருக்கும். நுவரெலியாப் பனி மூட்டத்தில் அதே கல் சோர்ந்து தெரியும். உங்கள் வாடிக்கையாளர் அந்த மூட்டத்தில்தான் அதை அணியப் போகிறார். கரட் கணக்கில் வாங்குவதானால் நூறு கல்லை எண்ணி நிறுங்கள். 3 மில்லிமீற்றரில் 12 முதல் 15 கரட்டுக்குள் நிற்க வேண்டும். 18 நின்றால் அடிப்பாகம் தடித்த கற்கள் என்று பொருள். அந்தக் கூடுதல் எடைக்கும் காசு கொடுத்து, பிறகு கிண்ணத்தில் இறங்காமல் பத்தரிடம் பேச்சும் வாங்க நேரும். அளவுகோலில் 2.9இல் இருந்து 3.1 வரை ஏற்றுக்கொள்ளலாம், அதற்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஐம்பது செட்டும் ஐம்பது விதமாக வரும்.

பத்தருக்கும் ஒரு வார்த்தை. கார்னட் திடீர்ச் சூட்டைத் தாங்காது. கல் பதித்த பிறகு பற்றவைப்பதைத் தவிர்த்து, சூட்டு வேலை முழுவதையும் முடித்துவிட்டே கல்லை இறக்க வேண்டும். பின்னாளில் தோட்டுக் கம்பி உடைந்து பழுதுக்கு வந்தாலும் கல்லைக் கழற்றிவிட்டே சுடர் காட்டட்டும். பெண்டனுக்கும் தோட்டுக்கும் கார்னட்டின் கடினம் தாராளமாகப் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இப்போது சொல்கிறேன். சகோதரரின் 200 கல்லும் 5.2 கிராம் என்று பார்த்தோம். ஒரு செட்டுக்கு 0.1 கிராம்தான். தராசில் நகையை முழுதாக வைத்து, வந்த எடையைத் தங்க விலையால் பெருக்கினால் எந்த வாடிக்கையாளரும் கவனிக்க மாட்டார். ஆனால் ஐம்பது செட்டும் விற்று முடிந்ததும், அரைப் பவுணுக்கும் கூடுதலான தங்கத்தின் விலையைக் கார்னட்டுக்காக வாங்கியிருப்பீர்கள். இது அந்தப் பெண்ணுக்கு எப்போது தெரியவரும்? பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கோ வைத்தியத்துக்கோ அவர் அதை அடகு வைக்கப் போகும் நாளில். அடகுக்காரர் கல்லின் எடையைக் கழித்துவிட்டே தங்கத்துக்குக் கணக்குப் போடுவார். கல்லுக்கு ஒரு சதமும் தரமாட்டார்.

கைபர் போரின்போது பழாலா இப்னு உபைத் (ரழி) அவர்கள் தங்கமும் மணிகளும் கோத்த மாலையொன்றைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது அதில் இருந்த தங்கம் மட்டும் பன்னிரண்டு தீனாருக்கும் மேல் இருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் இதைச் சொன்னபோது, பிரித்தெடுக்காமல் அப்படி விற்கக் கூடாது என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம் இது. தங்கத்துக்குத் தங்கம் மாற்றும் விடயத்தில் வந்த சட்டம் என்பதால், பழைய நகையைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் வழக்கத்துக்கு இது நேரடியாகவே பொருந்தும். நம் மலையகக் கடைகளில் பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. நுணுக்கமான சட்டங்களை உலமாக்களிடம் கேளுங்கள். கடைக்காரர் செய்ய வேண்டியது இலகுவானது: கல்லைப் பதிக்குமுன் தங்கத்தை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், பதித்த பின் மொத்தத்தை நிறுங்கள், பற்றுச்சீட்டில் தங்கம் இவ்வளவு, கல் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தனித்தனியே போடுங்கள். கல்லின் பெயரையும் எழுதுங்கள். "சிவப்புக் கல்" என்றோ "ரூபி நிறம்" என்றோ எழுதாமல் கார்னட் என்றே எழுதுங்கள். செயற்கை ரூபி என்றால் செயற்கை என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

கார்னட் என்று சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பயப்படத் தேவையில்லை. இயற்கைக் கல், சின்னதில்தான் அதன் அழகு, ரூபியின் விலையில் சிறு பங்கு, இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள். கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தபின் பெயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விற்காமல் மீந்திருக்கும் கல், வியாபாரச் சரக்காகையால் வருட முடிவில் ஸகாத் கணக்கில் சேரும், அதை மறந்துவிட வேண்டாம். 200 தேவை என்றால் 215ஆக வாங்குங்கள். பதிக்கும்போது இரண்டு மூன்று உடையும், தோட்டில் இருந்து விழுந்துவிட்டது என்று ஆறு மாதத்தில் ஒருவர் வருவார். மிச்சத்தைத் தனிப் பொட்டலத்தில் போட்டு, கல்லின் பெயர், வாங்கிய இடம், திகதி மூன்றையும் மேலே எழுதி வையுங்கள்.